மூடியைக் கழற்றியவன் நான்தான்

3 ஜூலை 2003, வியாழன்

காலையிலிருந்து தூறல். நின்றும் தொலைக்கவில்லை, கொட்டியும் தொலைக்கவில்லை. ஆபீசுக்கு அரை நாள் லீவு. எழுதிக் கொடுத்த காரணம்: வயிறு. உண்மைக் காரணம்: சாப்பாட்டு மேஜை.

ஜனவரியில் பழைய மேஜையை மச்சினனுக்குத் தூக்கிக் கொடுத்த மகாராஜன் நான். "பலா மரத்துல நானே செய்றேன், எட்டுப் பேர் உக்காரலாம்" என்று ரோஸியிடம் வீரம் வேறு. ஆறு மாதமாக வீட்டில் எல்லோருக்கும் தட்டு மடியில். இன்று காலை சாம்பாரும் மடியில். ரோஸி துடைக்கத் துணி தரவில்லை. காலண்டரைக் காட்டினாள்.

இரண்டு மணிக்கு மன்றத்தைத் திறந்தேன். யாரும் இல்லை. லிங்கராஜபுரத்தில் முன்பு கோழித் தீவனக் கிடங்காக இருந்த இடம். மழை நாளில் இன்னும் தவிட்டு வாடை. பதினாறு பேர் சேர்ந்து நடத்தும் மரவேலை மன்றம்: ஒரு ரம்ப மிஷின், ஒரு இழைப்பு மிஷின், நான்கு வேலைமேடை, பதினாறு அபிப்பிராயம். நான் செயலாளர். அதாவது மரத்தூள் மூட்டையைத் தூக்கிப்போய்க் கொட்டுகிறவன்.

இனி எழுதுவது எனக்கு மட்டும்.

மேஜை விளிம்புக்கு மெல்லிய மரப்பட்டி, ரீப்பர், அறுக்க வேண்டும். பிளேடின் மேலே இருக்கிற மூடி இடித்தது. மூடி இருந்தால் பிளேடுக்குப் பக்கத்தில் விரல் போகாது. அது அங்கே இருப்பதே அதற்குத்தான். கழற்றினேன். பாதி அறுத்ததும் பிளேடு ரீப்பரைக் கவ்வித் திருப்பி எறிந்தது. என் இடுப்பை உரசிக்கொண்டு போய்ப் பின்சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையில் குத்தி நின்றது. பலகை மேலிருந்து கீழ்வரை விரிசல். குத்திய இடம் விதி நான்கு:

"மூடி இல்லாமல் ரம்ப மிஷினை ஓட்டுபவர் மூன்று மாதம் எந்த மிஷினையும் தொடக்கூடாது. சோதனைக் காலத்தில் இருப்பவரானால் பெயர் நீக்கப்படும்."

வாசகம் நான். எழுத்து நான். பெயின்ட் டப்பாகூட என் வீட்டுடையது.

கையை உதறியதில் இடது கட்டைவிரல் மிஷின் விளிம்பில் நங்கென்று அடி. நகம் கறுத்துக்கொண்டே வருகிறது. ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தால்... வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிறகு விதிப் பலகையைக் கோணியில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்கு. இப்போது கட்டிலுக்கு அடியில். சட்டைப் பையில் மூடியின் போல்ட் இரண்டு. மூடி அங்கேயே மிஷினுக்குக் கீழே கிடக்கிறது. நாளைக்கு மாட்டிவிடலாம்.

4 ஜூலை, வெள்ளி

மாட்டவில்லை. ஆபீசில் ஆடிட். மேனேஜர் ஏழு மணிவரை பிடித்து வைத்துக்கொண்டார்.

ரோஸி: "விரல்ல என்ன?"

"ஸ்கூட்டர் ஸ்டாண்டு."

சின்னப் பொய். யாருக்கும் வலிக்காது, விரலைத் தவிர.

5 ஜூலை, சனி

காலை எட்டரைக்கே ஓடினேன். முனிரத்தினம் எனக்கு முன்னால் வந்துவிட்டார்.

மனிதர் தொழிற்சாலையில் முப்பது வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வலது மோதிர விரலில் பாதியைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்தவர். எங்கள் மிஷின்களுக்கு அவர்தான் தகப்பன். எண்ணெய் போடுவதைப் பார்த்தால் குழந்தைக்குத் தலை வாருவதுபோல் இருக்கும்.

"இன்னா சார் இது? மூடி கீய கெடக்குது. போல்ட்டக் காணோம். எவன் வேலை இது?"

வாயைத் திறந்தேன். "அட, யாரா இருக்கும்?" என்று வந்தது. வாய் என்னுடையதுதான்.

அவர் நேரே நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மிஷினைத் தொடுகிற ஒவ்வொருவரும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி வரி: புதன், மாலை 6 முதல் 7, ஸ்டெல்லா. வியாழக்கிழமைக்கு ஒன்றும் இல்லை. நான் என்றைக்குக் கையெழுத்துப் போட்டேன்? செயலாளர் ஆயிற்றே. பந்தல் போட்டவன் பந்தியில் இடம் கேட்பானா என்று ஒரு திமிர்.

ஸ்டெல்லா கார்மென்ட்ஸில் தையல் வேலை. வயது முப்பத்தைந்து இருக்கும். சேர்ந்து நான்கு மாதம். ஆறு மாதம் சோதனைக் காலம். துணி வெட்டும் மேஜை செய்கிறாள், ஏழடி நீளம். கார்மென்ட்ஸை விட்டுவிட்டு வீட்டிலேயே தைக்கப் போகிறாள். பிளவுஸ், பாவாடை, பள்ளிச் சீருடை. மேஜை இருந்தால்தான் ஆரம்பிக்க முடியும். மேல்பலகை முடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். கால்களும் சட்டமும் பாக்கி.

"அந்தப் பொண்ணா இப்டி?" என்றார் முனிரத்தினம். அவருக்கு அவளைப் பிடிக்கும். அதனால் கோபம் இரண்டு மடங்கு. "வெதிப் பலகை எங்க சார்?"

"எழுத்து மங்கிடுச்சு. பெயின்ட் அடிக்கக் கொண்டுபோயிருக்கேன்."

"போன மாசந்தான அடிச்சீங்க?"

"மழை."

மழை எவ்வளவு நல்லது. எதைச் சொன்னாலும் சும்மா பெய்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை முடித்து நேரே மன்றம். வழக்கம்போல மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன் விரல் எண்ணிக்கை. எல்லோரும் வட்டமாக நின்று இரண்டு கையையும் நீட்டி எண்ணைச் சொல்ல வேண்டும். முனிரத்தினம் ஆரம்பித்து வைத்த பழக்கம். "பத்து." "பத்து." முனிரத்தினம்: "ஒம்பதரை." மூடும்போது இன்னொரு தடவை. இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். இன்று பன்னிரண்டு பேர். நூற்றுப் பத்தொன்பதரை.

என் முறை வந்ததும் பிரபாவதி டீச்சர் பேனாவை நிறுத்தினார். துணைச் செயலாளர், கணக்கு டீச்சர், தமிழில் பேசிக் கன்னடத்தில் கோபப்படுகிறவர். "ஏன்ரீ செக்ரட்டரி, அந்த விரலை முழுசா எழுதலாமா?"

"கறுப்பா இருந்தாலும் என்னுதுதான் டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும், எப்போதும். அதுதான் என் வியாதி.

ஸ்டெல்லா வரவில்லை, ஓவர்டைம். செயற்குழு கூடியது. செயற்குழு என்றால் டீச்சர், முனிரத்தினம், நான். டீச்சர்: "ரூல் அந்தரே ரூல். நோட்டீஸ் கொடுக்கலாம். அடுத்த ஞாயிறு அவ பதில் சொல்லட்டும். அப்புறம் பேரை எடுக்கிறதா இல்லையான்னு பாக்கலாம்." முனிரத்தினம் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

நோட்டீஸை யார் எழுதுவது? செயலாளர்.

யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அதே கழுதை.

9 ஜூலை, புதன்

மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்து இன்று மாலை கொண்டுபோனேன். ஸ்டெல்லா வீடு சர்ச்சுக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து. ஒற்றை அறை. அந்த மேல்பலகையை இரண்டு நீலத் தண்ணீர் டிரம் மேல் கிடத்தி வைத்திருந்தாள். அதன்மேல் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாவாடைத் துணி. டிரம்மில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றால் துணியைத் தூக்கி, பலகையைத் தூக்கி, மூடியைத் தூக்கி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

நின்றபடியே நோட்டீஸைப் படித்தாள்.

"எழுத்து அழகா இருக்குது. நீங்களா சார் எழுதினது?"

"ஆமா."

"நான் கழட்டலயே சார்."

"பதில் எழுதிக் கொடுத்தா ஞாயித்துக்கிழமை படிச்சிடலாம்."

அளவு எடுக்கும் காக்கிக் காகிதத்தில் ஓர் ஓரம் கிழித்து அங்கேயே எழுதினாள். வீட்டுக்கு வந்து நான்கு தடவை படித்தேன். அப்படியே இங்கே:

"மூடியை நான் கழற்றவில்லை. ஆனால் புதன்கிழமை மிஷினை நிறுத்திவிட்டுப் போகும்போது மூடி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அது என் தப்பு. ஸ்டெல்லா."

செய்யாத தப்புக்கு நோட்டீஸ் கொடுத்தால், கேட்காத தப்பைக்கூட ஒப்புக்கொண்டு தருகிறாள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒன்று சொன்னாள்: "கையெழுத்துப் போட்டவ மாட்டிக்கினேன். போடாதவங்களுக்கு மன்றத்துல தொல்லையே இல்ல, இல்ல சார்?"

எதையாவது தெரிந்து சொன்னாளா, பொதுவாகச் சொன்னாளா, தெரியவில்லை. டீ வேண்டாம் என்றேன். அவள் கேட்கவே இல்லை என்பது தெருமுனையில்தான் உறைத்தது.

10 ஜூலை, வியாழன்

வெயில், ஒரு வாரத்துக்குப் பிறகு. ரோஸி கட்டிலுக்கு அடியில் பெருக்கினாள். அவள் பெருக்காத நாள் பார்த்துத்தான் நான் ஒளித்து வைக்க வேண்டும். அப்படி ஒரு நாள் இல்லை.

பலகையை ஜன்னலோரம் சாய்த்து வைத்து விதி நான்கை உரக்கப் படித்தாள். விரிசலைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். இருபத்தாறு வருடக் கல்யாணம். சாட்சி விசாரணைக்கெல்லாம் அவசியமில்லை.

"இது யாருக்கு எழுதினது?"

"எல்லாருக்கும்."

"எல்லாரும்னா யார் யாரு?"

தோசை வந்தது. மடியில்.

முடிவு. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்லிவிடுவது. தமாஷ் கிடையாது. பீடிகை கிடையாது. "மூடியைக் கழற்றியவன் நான்தான்." நான்கே சொல்லாக இருந்தால் நன்றாக இருக்கும், மூன்றுதான் வருகிறது. குறைவாக இருப்பது நல்லது, நடுவில் ஓட முடியாது.

13 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

யாரும் நம்பவில்லை!

பதினான்கு பேர் இருந்தார்கள். ஸ்டெல்லா வாசல் பக்கம், கைகட்டி. டீச்சர் காக்கிக் காகிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்தேன். மூன்று சொல்லும் சொன்னேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு, அது பரவிக் கைதட்டலே ஆகிவிட்டது.

முனிரத்தினம் என் தோளில் கை போட்டார். "வுடுங்க சார். ஒங்க மனசு தெரியும். பொம்பளப் புள்ள பேர எடுக்கறதுக்கு மனசு வரல, அதான? அதுக்காக நீங்க சிலுவை தூக்கணுமா?"

"தூக்கலை முனிரத்தினம். நான்தான் கழட்டினேன்."

"ஆவட்டும், ஆவட்டும்."

எல்லாம் என் வினை. போன வருடம் ஏப்ரல் ஒன்றாம் தேதி, "மந்திரி வருகிறார், உறுப்பினர்கள் வெள்ளைச் சட்டையில் வரவும்" என்று நோட்டீஸ் ஒட்டியவன் நான். பதினோரு பேர் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். ஒருவர் மாலையோடு. இனி நான் செத்துப்போனேன் என்று சொன்னாலும் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

ஆதாரமாகக் கொண்டுபோனவையும் அவற்றின் கதியும்:

விரிசல் விட்ட விதிப் பலகை. "கீய போட்டு ஒடச்சிட்டீங்க."

கறுத்த நகம். "போன வாரம் ஸ்கூட்டர்னு சொன்னீங்களாமே, ரோஸியக்கா சொன்னாங்க."

இரண்டு போல்ட். "பெட்டில இந்த மாதிரி நூறு கெடக்குது."

கடைசியில் டீச்சர்: "நோடி செக்ரட்டரி, நீங்க சொல்றது நெஜமா இருந்தா உங்களுக்குத் தண்டனை. பொய்யா இருந்தா இன்னும் பெரிய தண்டனை. எதுன்னு தெரியாம நான் எதை எழுத? அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கிறேன். அதுவரைக்கும் ஸ்டெல்லா மிஷினைத் தொட வேண்டாம்."

சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் என்றால், பாவத்தைச் சொன்ன உடனே சாமியார் நம்பிவிடுகிறார். இங்கே சாட்சி கேட்கிறார்கள்.

ஸ்டெல்லா செருப்பை மாட்டிக்கொண்டாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வை நன்றி மாதிரி இல்லை.

14 ஜூலை, திங்கள்

டீக்கடை வாசலில் யூசுப் பாய். ரம்பத்துக்குப் பல் தீட்டுவதில் இந்தப் பேட்டையில் அவருக்கு நிகர் இல்லை, செய்திக்கும் அப்படியே.

"க்யா சார், மர மன்றத்துல லவ் ஸ்டோரியாமே?"

"என்ன பாய் உளறல்?"

"அந்தத் தையல்காரம்மாவுக்காக நீங்க குத்தத்தை ஏத்துக்கினீங்களாம். சும்மா ஏத்துக்குவாங்களான்னு கேக்கறாங்க."

"யார் கேக்கறாங்க?"

"நானும்தான் கேக்கறேன். நான் நம்பலை சார். ஆனா கேக்கறதுக்கு நல்லா இருக்கு."

இருபது வருடமாக இதே பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க் கதையெல்லாம் பேசியவன் நான். யார் யாரோடு போனார்கள், யார் வீட்டில் எந்தச் சீட்டு முறிந்தது, எல்லாவற்றுக்கும் உப்பு, புளி, காரம் சேர்த்தவன். இன்று பாத்திரத்துக்குள்ளே நானே கிடக்கிறேன்.

ரோஸியிடம் நானே சொன்னேன், வேறு யாராவது சொல்வதற்கு முன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு லவ் பண்ண நேரம் இருந்திருந்தா அந்த நேரத்துல மேஜை முடிஞ்சிருக்கும்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு இது ஒரு தமாஷ். நாளைக்கு இன்னொண்ணு கெடைக்கும். அவ அந்தச் சந்துல தனியா இருக்கா. துணி குடுக்க வர்றவங்க எல்லாம் பொம்பளைங்க. அவங்க காதுல இது விழுந்தா எவ வருவா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. மன்றத்தில் அவள் பேர் போகாமல் இருக்க வாய் திறந்தேன். இப்போது ஊரில் அவள் பேர் போகிறது.

குற்றவாளி ஆகாமல் விடப் போவதில்லை. ஊரே சேர்ந்து என்னை நல்லவன் என்றாலும் சரி.

16 ஜூலை, புதன்

நிரூபிக்க யோசித்த வழிகள்:

1. அன்று என்னைப் பார்த்தவர் யாராவது? மழை. ஒரு நாய். நாய் வராது.

2. ஆபீஸ் லீவு லெட்டர். அதில் "வயிறு" என்றிருக்கிறது.

3. ரோஸி சாட்சி. "பொண்டாட்டி புருஷனுக்காகச் சொல்லுவா" என்பார்கள். எந்த ஊரில்? எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் அப்படித்தான் என்பார்கள்.

4. விரிசலில் பலா மரச் சிம்பு மாட்டியிருந்தது; மன்றத்தில் பலாவில் வேலை செய்வது நான் மட்டும். நல்ல ஆதாரம்! பலகையைத் தேடினேன். ரோஸி பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கிறாள்.

மாலை ஆபீஸ் வாசலில் ஸ்டெல்லா. கார்மென்ட்ஸ் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்க, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே.

"சார், எனக்காகப் பொய் சொன்னீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அந்த மாதிரி ஒத்தாசை வேணாம்."

"பொய் இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா. வியாழக்கிழமை. ரெண்டு மணிக்கு மேல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அவள் நம்பியது எனக்குத் தெரிந்தது. நம்பியவுடன் அவள் முகம் மாறியதும் தெரிந்தது. நம்பாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

"அப்போ அந்த நோட்டீஸ எழுதறப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என் வீட்டுல நின்னுக்கினு நான் எழுதறதப் பாத்தப்பவும்."

"ஆமா."

119 பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

19 ஜூலை, சனி

முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். அவர் கொய்யா மரத்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். விளையாட்டு இல்லை, சத்தியம், பிள்ளைகள் மேல் ஆணை என்றேன். பம்பைக் கீழே வைத்தார்.

"பேசிப் பேசித்தான் சார் ஒங்கள நம்ப முடியல. வாய நம்ப மாட்டேன். ஃபேக்டரில எவன் இன்னா சொன்னாலும் நான் கையத்தான் பாப்பேன். ஒரு வேலைய ஒருத்தன் செஞ்சிருக்கானா இல்லியான்னு கை சொல்லிடும். நாளைக்கு ரெண்டு பேரும் மூடியக் கழட்டிக் காட்டுங்க. டீச்சர் வாட்ச்சப் பாக்கட்டும்."

சந்தோஷமாக வந்தேன். தண்டனை வாங்க ஒருவன் இவ்வளவு உற்சாகமாக வீட்டுக்கு வந்து ரோஸி பார்த்ததில்லை.

20 ஜூலை, ஞாயிறு

பதினைந்து பேர். யூசுப் பாய் உறுப்பினர் இல்லை, "ரம்பம் குடுக்க" வந்து நின்றுவிட்டார். அவர் கையில் ரம்பம் இல்லை.

முனிரத்தினம் பிளக்கைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினார். மூடியை ஒழுங்காக மாட்டி வைத்திருந்தார், புது போல்ட்டோடு.

முதலில் ஸ்டெல்லா. சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து கீழே பார்த்தாள்.

"இதுக்கு எந்த ஸ்பேனர்?"

"அத்தக் கண்டுபுடிக்கறதுதான் பரீட்ச."

பெரிய ஸ்பேனரை எடுத்தாள், சேரவில்லை. இன்னொன்று. பின்பக்க போல்ட் பலகைத் தாங்கியை நகர்த்தினால்தான் தெரியும்; அவளுக்கு அது தெரியவில்லை. நான்கு நிமிடம் பத்து விநாடி என்றார் டீச்சர்.

"நடிக்கலாமில்ல?" என்றது ஒரு குரல்.

ஸ்டெல்லா திரும்பினாள். "எனக்கு நடிக்கத் தெரிஞ்சா கார்மென்ட்ஸ்ல ஏன்யா குனிஞ்சிக்கினு கெடக்கறேன்?" குரல் அடங்கியது.

முனிரத்தினம் மூடியைத் திரும்ப மாட்டினார். என் முறை. டீச்சர் "ஸ்டார்ட்" என்றார்.

சத்தியமாக நான் அவசரப்படவில்லை. தாங்கியை இடது கை தள்ளியது. வலது கை பார்க்காமலேயே ஆணியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தது. பின் போல்ட், முன் போல்ட், இரண்டும் சட்டைப் பைக்குள். மூடியை ஆட்டி ஒரு திருகு திருகிக் கீழே, மிஷின் கால் பக்கத்தில், எப்போதும் வைக்கிற இடத்தில். நிமிர்ந்தேன்.

"இருபத்திரெண்டு செகண்ட்."

என் வாழ்க்கையில் ஒரு பரீட்சையில் முதலாவது வந்தது இன்றுதான்.

யாரும் சிரிக்கவில்லை. முனிரத்தினம் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே ஒரு நிமிசம் ஆவும் சார்." மெதுவாகச் சொன்னார். "இது ஒரு தபா கழட்ன கை இல்ல."

ஒரு தடவைக்குத்தான் தயாராக வந்திருந்தேன். மற்றதை நானே எண்ணிப் பார்த்ததில்லை. அவசரம் என்றால் கழற்றுவேன், முடிந்ததும் மாட்டுவேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் நானும் பார்க்கவில்லை.

"எத்தினி தபா?"

"ஒரு பத்து... பன்னெண்டு இருக்கும்."

முனிரத்தினம் வலது கையை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். விரலைக் காட்டினார். "இது ஒரே தபால போச்சு." கையைக் கீழே போட்டுவிட்டு, துணியை எடுத்து மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் என்னோடு பேசியது இன்று அவ்வளவுதான்.

டீச்சர் கணக்கு டீச்சர். பன்னிரண்டை மூன்றால் பெருக்கினார். முப்பத்தாறு மாதம். "அஷ்டு பேடா, அவ்வளவு வேணாம்" என்று ஒருவர் எனக்காகப் பேசினார். முடிவில் ஒரு வருடம். எந்த மிஷினும் தொடக்கூடாது. செயலாளர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்றேன். மரத்தூள் மூட்டையை யார் தூக்குவது என்று கேட்டு அதை மட்டும் மறுத்துவிட்டார்கள். ஸ்டெல்லா மேலிருந்த நோட்டீஸ் ரத்து என்று எழுதி, டீச்சர் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஸ்டெல்லாவிடம் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டேன், வேடிக்கை எதுவும் சேர்க்காமல். நாக்குக்குப் பழக்கமில்லாத வேலை.

"மொத சனிக்கிழமையே சொல்லியிருந்தா ரெண்டு வாரம் போயிருக்காது சார்" என்றாள். "ரெண்டு பேருக்குச் சீருடை தெச்சுத் தரேன்னு ஒத்துக்கினேன். திருப்பி அனுப்பிட்டேன்."

நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மரத்தை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போனாள்.

யூசுப் பாய் வாசலில் காத்திருந்தார். "லவ் ஸ்டோரி இல்லியா அப்போ?"

"இல்ல பாய்."

"சே." உண்மையிலேயே வருத்தம். "சரி, இதைச் சொல்றேன். இதுவும் பரவால்ல."

"எல்லா எடத்துலயும் சொல்லுங்க பாய். சந்துக்குள்ளயும் போய்ச் சொல்லுங்க."

வாழ்நாளில் முதல் தடவை என்னைப் பற்றிய வம்பை நானே வழியனுப்பி வைத்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

மறுபடி தூறல். வாங்க வேண்டியது: உப்புத்தாள், கடுகு எண்ணெய், ரோஸிக்கு மாத்திரை. யூசுப் பாயிடம் கை ரம்பம் தீட்டக் கொடுத்தாயிற்று. பலாப் பலகை ஏழும் கையாலேயே அறுப்பேன். ரோஸியிடம் சொன்னேன், "அடுத்த வருஷ ஈஸ்டருக்கா?" என்றாள். அதற்கடுத்த ஈஸ்டரானாலும் சரி. முடிப்பேன்.

நோட்டுப் புத்தகத்தில் "மூடி" என்று புதுப் பத்திக்குக் கோடு போட்டேன், ஸ்கேல் வைத்து, இருபது பக்கத்துக்கு.

முனிரத்தினம் இன்னும் பேசவில்லை. ஆனால் டீ வாங்கும்போது எனக்கும் சேர்த்து வாங்குகிறார். வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

27 ஜூலை, ஞாயிறு

ஸ்டெல்லாவின் சட்டமும் கால்களும் தயார். சந்துக்குள் வண்டி போகாது. முனிரத்தினம் முன்னால், யூசுப் பாய் நடுவில், நான் பின்னால், சட்டம் தலைமேல். ஸ்டெல்லா வழி சொல்லிக்கொண்டே. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். "வலது பக்கம், வலது பக்கம். சார், அது இடது."

டிரம் மேலிருந்து பலகையை இறக்கி, சட்டத்தின் மேல் வைத்துத் திருகினோம். ஆடியது. மேஜை சரி, தரை சரியில்லை. முனிரத்தினம் தீப்பெட்டி அட்டையை மடித்து வைக்கப் போனார்.

"அட்டை வேணாண்ணா. ரெண்டு கால்ல ஒரு நூல் கனம் எடுத்தாப் போதும்." கை ரம்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்கதான் சார் இனிமே இதுல பழகணும்."

தரையில் படுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில், மூன்று பேர் முன்னால், தொப்பை மேலே பார்க்க. அவள் பென்சிலால் கோடு போட்டாள். அறுத்தேன். ஒரு நூல் கனத்தை அறுப்பது ஒரு மரத்தை அறுப்பதைவிடக் கஷ்டம். ரம்பத்துக்குப் பிடிக்க இடமே இல்லை. கோடு தாண்டிய இடத்தில் எல்லாம் "சார்" என்று ஒரு குரல். வேறு ஒன்றும் சொல்லவில்லை, வெறும் "சார்". முதல் கால் பத்து நிமிடம். இரண்டாவது கால் எட்டு.

இரண்டு உள்ளங்கையையும் மேலே ஊன்றி அமுக்கினாள். ஆடவில்லை. இன்னொரு மூலைக்குப் போய் அமுக்கினாள். முனிரத்தினமும் குனிந்து பார்த்தார், முதலில் காலை, பிறகு என் கையை.

"பரவால்ல" என்றார். ஒரு வாரத்தில் முதல் வார்த்தை.

மேலே துணி விரிக்கும் சத்தம். மேஜைக்கு அடியிலிருந்து நான் புரண்டு எழுவதற்குள் கத்தரி ஓட ஆரம்பித்துவிட்டது.